வைரமும் அரக்கும்

புளியந்தோப்பிலிருந்து புரசைவாக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். வடசென்னையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு பேட்டைகளும் மரத்தின் பெயரில் வாழ்கின்றன. ஒன்று புளிய மரங்கள் நின்ற தோப்பு. மற்றொன்று புரச மரத்தின் ஊர். அங்குள்ள கங்காதரேசுவரர் கோயிலுக்குத் தல மரமும் புரசுதான். மரத்தைக் கடைந்து பேனா செய்கிறவர் காதில் இந்த இரண்டு பெயரும் சேர்ந்து விழுந்தால் நிமிர்ந்து உட்காருவார். புளியின் வைரம், மெருகுக்கு எளிதில் மசியாத கட்டை. புரசோ, அரக்குப் பூச்சி குடியிருக்கும் மரங்களில் முதன்மையானது. அந்தப் பூச்சி சுரக்கும் பிசின்தான் நம் நாட்டுக் கடைசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மரத்துக்கு ஏற்றிவந்த மெருகு. மசியாத மரத்தில் மெருகு எப்படி ஏறுகிறது, ஏறியது ஏன் நிற்க மறுக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு மரங்களுக்கு நடுவில்தான் விடை தேட வேண்டும்.

பட்டறையிலிருந்து வந்த அன்று முகம் பார்க்கலாம் போல மின்னுகிற மரப் பேனா, சில மாதங்களில் மங்குகிறது. நிப் பக்கத்து விளிம்பில் பால் தெளித்தாற்போல ஒரு வெள்ளை வளையம் தோன்றுகிறது. பிறகு மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் நீளவாக்கில் ஓடுகிறது. இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: இன்னும் நைசான உப்புத்தாளில் தேயுங்கள், இன்னும் இரண்டு கோட்டிங் ஏற்றுங்கள். இப்படி உழைப்பு முழுவதும் மேல்பரப்பில் கொட்டப்படுகிறது. கொட்ட வேண்டிய இடம் அது இல்லை என்பதே என் வாதம். பளபளப்பு பூச்சின் மேல்முகத்தில் பிறக்கிறது என்பது உண்மை. ஆனால் அது எத்தனை நாள் நிற்கும் என்பது பூச்சின் அடிமுகத்தில், முதல் கோட்டிங்கும் மரமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், முடிவாகிவிடுகிறது. வைரம் பாய்ந்த நம் மரங்களுக்கும் ஈரம் குறையாத நம் கடலோரக் காற்றுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மேல்முகத்தின் கதையை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. ஒரு பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் சீராகத் திரும்பினால் பளபளப்பு. நாலா பக்கமும் சிதறினால் மங்கல். சீராகத் திரும்ப வேண்டுமானால் பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட நன்றாகச் சிறிதாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மேடுபள்ளம் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கினால்தான் கண் அதைக் கண்ணாடி என்று ஒப்புக்கொள்ளும். 600ஆம் நம்பர் உப்புத்தாளின் துகள் சுமார் 25 மைக்ரோமீட்டர், அதாவது 25,000 நானோமீட்டர். 2000ஆம் நம்பருக்கு அது 10 மைக்ரோமீட்டராகக் குறைகிறது. துகளின் அளவில் ஒரு சிறு பங்குதான் கீறலின் ஆழம் என்றாலும் அலைநீளத்தோடு ஒப்பிட அது இன்னும் பள்ளம்தான். ஆகவே நம்பர் நம்பராக ஏறி, கடைசியில் துணியும் மெருகுப் பசையும் கொண்டு தேய்த்து முடிக்கிறார்கள். முந்தைய தாளின் கீறல் முழுதாக மறைந்த பிறகே அடுத்த தாளை எடுப்பது, ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் தூசியைத் துடைப்பது, லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒருமுறை தேய்த்து வட்டக் கீறல்களை அழிப்பது: பொறுமை உள்ள யாருக்கும் இது கைவரும். பூச்சு அக்ரிலிக்கோ அரக்கோ, இந்த விதி ஒன்றுதான்.

சிக்கல் மரத்திடமிருந்து தொடங்குகிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. தேக்கில் பெரிய குழாய்களின் வாய் கால் மில்லிமீட்டர் வரை அகலும். ஒளியின் அலைநீளத்துக்கு அது ஏரிப் பள்ளம். எவ்வளவு தேய்த்தாலும் குழாய் குழாய்தான். வெறும் மரத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு வராததற்குக் காரணம் இதுவே. பிசின் அந்தக் குழாய்களில் இறங்கி நிரப்பி, மேலே ஒரு சமமான தோலாக நிற்க வேண்டும். நிரம்பும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஈரமான துணி நிறம் கூடித் தெரிவதைப் பார்த்திருப்போம். நூலுக்கு நடுவிலிருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்ததால் ஒளி சிதறுவது குறைந்து, உள்ளே ஆழமாகப் போய்த் திரும்புகிறது. மரத்தின் செல் சுவருக்கும் நல்ல பிசினுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ ஒன்றே, 1.5க்குப் பக்கம். அதனால் பிசின் உள்ளிறங்கிய மரத்தில் வரிகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆழம் காட்டுகின்றன. பேனாவைத் திருப்பும்போது உள்ளே ஒளி நகர்வதாகத் தெரிகிற அழகு மேல்தோலில் இல்லை. பிசினும் மரமும் இடைவெளியில்லாமல் ஒட்டிய இடத்தில் இருக்கிறது. ஒட்டு விட்டுப்போய் நடுவில் காற்று புகுந்த கணமே அந்த இடம் வெளுத்துப்போகும். முன்னே சொன்ன வெள்ளை வளையம் அப்படி வந்ததுதான்.

இனி புளிக்கு வருவோம். கறிக்கடையில் வெட்டுக்கட்டைக்குப் புளியங்கட்டையைத் தேடி வாங்குவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். மாநகராட்சி இறைச்சிக்கூடம் இருக்கும் புளியந்தோப்பில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் முறை கத்தி இறங்கினாலும் அது பிளக்காது, சிராய் உதிர்க்காது. காரணம் அதன் நாரோட்டம். மரம் வளர வளர நார்கள் சில காலம் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும், பிறகு சில காலம் எதிர்ப்பக்கம் சாயும். அடுக்குகள் விரல் கோத்தாற்போல் பின்னிக்கொள்வதால் பிளவு ஓட வழி கிடைப்பதில்லை. வெட்டுக்கட்டைக்கு வரமான இதே குணம் கடைசல் உளிக்குச் சாபம். கட்டை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி ஓரிடத்தில் நாரோடும் அடுத்த இடத்தில் நாருக்கு எதிராகவும் போகிறது. எதிர்த்துப் போகும் இடத்தில் நார் அறுபடாமல் பிடுங்கிக்கொண்டு வரும். அப்படிப் பிடுங்கிய குழிகளுக்குள் தேய்த்த தூசி போய் அடைத்துக்கொள்ள, கைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். முதல் கோட்டிங் பட்டதும் குழிகளெல்லாம் கரும்புள்ளிகளாக எழுந்து நிற்கும். தூசியின் மேல் ஒட்டிய பூச்சு தூசியோடு உதிரும். இங்கே மருந்து கூரான உளியும் மிக மெல்லிய கடைசி வெட்டும்தான். ஓட்டையைப் பூச்சால் மூடிவிடலாம் என்கிற நினைப்பு உதவாது. அதற்குமேல், தண்ணீர்போல் ஓடும் பிசினை முதலில் விட்டு, அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்து, அதே மரத்தின் தூளும் பிசினும் சேர்ந்த குழம்பைக் குழிகளில் இறக்குவது நல்ல வழி. கொண்டப்பள்ளிப் பொம்மைகளில் புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் குழைத்து ஒட்டுகளை நிரவுகிறார்களே, அதே யோசனைதான்.

புளியின் முரண்டு நாரில் இருக்கிறது. ஈட்டி, தேக்கு போன்றவற்றின் முரண்டு வேதியியலில் இருக்கிறது. நல்லெண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றுவதற்கு மணம் மட்டும் காரணம் இல்லை; மற்ற பல எண்ணெய்களைவிட அது சிக்கு வாடை அடிக்க நாளாகும். அதிலுள்ள செசமோல் போன்ற பீனால் வகைப் பொருள்கள் காற்றின் ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்கும் சங்கிலி வினையை நடுவிலேயே அறுத்துவிடுகின்றன. ஆளிவிதை எண்ணெயும், அதைப்போன்ற எண்ணெய்களால் செய்த வார்னிஷும் மரத்தின் மேல் காய்வது எப்படி? தண்ணீர் காய்வதுபோல ஆவியாகி அல்ல. எண்ணெய் சிக்குப் பிடிக்கிற அதே வகைச் சங்கிலி வினைதான் அங்கும்: ஆக்சிஜன் ஏறி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, திரவம் தோலாகிறது. வைரத்தில் பீனால்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஈட்டி மரம், நல்லெண்ணெய் தன்னைக் காத்துக்கொள்வதுபோல, தன்மேல் பூசிய வார்னிஷையும் ‘கெட்டுப்போகாமல்’ காத்துவிடுகிறது. வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும் பிசுபிசுப்பு அதன் பலன். கரையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் மரத்தைக் காக்கும் பொருள்களே மெருகுக்குத் தடை போடுகின்றன. தேக்கில் டெக்டோகுவினோன் இருக்கிறது, கூடவே ரப்பரை ஒத்த பொருளும் எண்ணெய்ப் பசையும்; தொட்டாலே தெரியும் வழுவழுப்பு அவை தருவது. மேலே எத்தனை கோட்டிங் ஏற்றினாலும் அடியில் உள்ள முதல் கோட்டிங் காயவில்லை என்றால் சேற்றின் மேல் சிமெண்ட் பூசிய கதைதான்.

தின்னரோ அசிட்டோனோ தொட்டு மரத்தை நன்றாகத் துடைத்துவிட்டால் எண்ணெய் போய்விடுமே, பிறகென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, துடைப்பது உதவவும் செய்கிறது. ஆனால் துடைப்பு எடுப்பது மேற்பரப்பிலுள்ளதை மட்டும். உள்ளே குழாய்களிலும் செல் சுவரிலும் இருப்பு அப்படியே இருக்கிறது. நேரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊறி வந்துவிடும். காலையில் துடைத்து மாலையில் பூசுவது துடைக்காததற்குச் சமம். துடைத்து, கரைப்பான் ஆவியான சில நிமிடங்களுக்குள் முதல் பூச்சு இறங்கிவிட வேண்டும். அப்போதும் அந்த முதல் பூச்சு பீனால்களைக் கண்டு அஞ்சாத இனமாக இருந்தாக வேண்டும். செஞ்சந்தனத்தில் துடைப்பே தொல்லை: அதன் சிவப்புச் சாயமான சான்டலின் சாராயத்திலும் அசிட்டோனிலும் கரைந்து பக்கத்து மரத்திலெல்லாம் ஏறும். (செஞ்சந்தனம் என்றாலே வடசென்னையில் துறைமுகக் கன்டெய்னர்களில் பிடிபட்ட கடத்தல் கட்டைகள்தான் நினைவுக்கு வரும். அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மரம். ஈட்டியின் இனம் முழுவதும் 2017 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. பேனாவுக்குக் கைநீளத் துண்டு போதும் என்பதால் கணக்கில்லாமல் வாங்கலாம் என்றாகாது. இடித்த வீடுகளின் நிலை, கதவு, உத்தரம் விற்கும் பழைய மரக் கடைகளில் கிடைப்பதே பேனாவுக்கு மிஞ்சும்.)

பீனால்களுக்கு அஞ்சாத பூச்சு எது? இங்கேதான் புரசின் உறவு வருகிறது. அரக்குப் பூச்சி புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டிச் சாறுறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினால் ஓடு கட்டிக்கொள்கிறது. சார்க்கண்ட், சத்தீசுகர் பக்கம் இது பெரிய தொழில். ராஞ்சி அருகே நாம்குமில் 1924இல் இதற்கென்றே ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் ஷெல்லாக். வார்னிஷுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஷெல்லாக் தோலாவதற்கு எந்த வேதிவினையும் தேவையில்லை. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறக்கும், பிசின் நிற்கும். சங்கிலி வினை இல்லாத இடத்தில் அதை அறுக்கும் பீனாலுக்கு வேலை இல்லை. அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான், கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மை, ஆந்திரத்து ஏட்டிகொப்பாகப் பொம்மை ஆகிய மூன்றும் இதைவிட ஒருபடி மேலே போய் ஸ்பிரிட்டையும் விட்டுவிட்டன. சுழலும் மரத்தில் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வுச் சூட்டில், 75 டிகிரியை ஒட்டி, அரக்கு உருகி மரத்தின் வாயெல்லாம் இறங்குகிறது. தாழை ஓலையை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தினால் உருகிய அரக்கு பரவி, சமமாகி, சூடு ஆறும்போது கண்ணாடியாகிறது. பூச்சு, நிரப்பல், மெருகு மூன்றும் ஒரே மூச்சில். உருகிய பிசின் சூடான மரத்துக்குள் ஊன்றுவதால் அடிமுகத்தின் பிடிமானம் அந்த நொடியிலேயே உறுதியாகிவிடுகிறது. கரைப்பான், காயும் நேரம், வினையூக்கி எதையும் நம்பாத இந்த முறையை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

அப்படியானால் பேனாவுக்கும் அரக்கே போதாதா? போதாது. பொம்மையைக் குழந்தை எப்போதாவது எடுக்கிறது. பேனாவை விரல் நாள் முழுக்கப் பிடிக்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது, லாக்டிக் அமிலம் இருக்கிறது, சட்டைப் பையில் உடம்புச் சூடும் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டால் அரக்கு இளகி விரல்ரேகை வாங்கும். எல்லாவற்றையும்விட, 2020க்குப் பிறகு கைக்குக் கை வந்துவிட்ட சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். ஷெல்லாக்கின் கரைப்பானே அதுதான். சானிடைசர் தேய்த்த கையோடு அரக்குப் பேனாவைப் பிடித்தால் மெருகு கையோடு வரும். எனவே அரக்கின் இடம் அடியில், காவல் கோட்டிங்காக. மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை மெல்லிசாக ஓரிரு முறை ஈட்டியின் மேலோ தேக்கின் மேலோ பூசிவிட்டால் பீனால் மேலே வராது, மேலே போடும் பாலியூரித்தேன் வார்னிஷ் கீழே போகாது. அவை சந்திக்காதபடி நடுவில் நின்று ஷெல்லாக் இரண்டோடும் ஒட்டிக்கொள்ளும். மெழுகு நீக்கியதுதான் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இயற்கை அரக்கில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மெழுகு உண்டு. அதன்மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. பிரச்சினையை மரத்திலிருந்து ஓரடுக்கு மேலே ஏற்றிவைத்ததாகத்தான் முடியும்.

இன்று பேனா கடைபவர்கள் பெரும்பாலும் நாடுவது சயனோஅக்ரிலேட்டை. பெட்டிக்கடையில் சின்னக் குப்பியில் தொங்கும் உடனடிப் பசை இந்த இனம்தான். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தட்டுப்பட்ட பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதென்று ஒதுக்கிவைத்து, 1951இல் மறுபடி எடுத்து, 1958இல் பசையாக விற்பனைக்கு விட்டார்கள். இது இறுகும் வழியே வேறு. பரப்பில் படிந்திருக்கும் இம்மி ஈரம், அதிலுள்ள ஹைட்ராக்சைடு அயனி, வினையைத் தொடங்கிவைக்கிறது. சங்கிலி எதிர்மின் அயனி வழியே ஓடுகிறது. வார்னிஷை முடக்கும் பீனால் இதை முடக்காது. இதற்குச் சான்று குப்பிக்குள்ளேயே இருக்கிறது. பசை குப்பியில் தானாக இறுகிவிடக் கூடாதென்று தயாரிப்பாளர்கள் சேர்க்கும் பொருள்களில் ஹைட்ரோகுவினோன் ஒன்று. அதுவும் பீனால் இனம்தான். அதைச் சுமந்துகொண்டே அந்தப் பசை உங்கள் விரலை நொடியில் ஒட்டிவிடுகிறதே. குப்பிக்குள் அதை உண்மையில் தடுத்துவைப்பது கூடவே சேர்க்கும் துளி அமிலம். மரங்கள் பொதுவாகச் சற்று அமிலத்தன்மை கொண்டவை என்பதால் சில கட்டைகளில் இது மந்தமாகும், ஆனால் நிற்காது. எண்ணெய்ப் பசையைத் துடைத்த சூட்டோடு தண்ணீர் போன்ற மெல்லிய வகையை முதலில் விட்டால் அது குழாய்க்குள் ஓடி இறுகி, அதுவே காவலாகவும் நிற்கிறது. கெட்டியான வகையை அதன்மேல் மெல்லிசு மெல்லிசாக ஏற்றிக் கட்டலாம். இங்கே ஷெல்லாக் கட்டாயமில்லை. எந்த மரம் எதைத் தடுக்கிறது என்று பார்த்து அதைச் சட்டை செய்யாத முதல் பூச்சைத் தேர்ந்தால் போதும்.

எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டறைகளில் எதைத் துடைக்கவும் கைக்கு வருவது பனியன் வேஸ்ட். அது பருத்தி. பருத்தி நாரில் சயனோஅக்ரிலேட் பட்டால் வினை வெகு வேகமாக ஓடிச் சூடு கிளம்பும். புகை வரும், தோல் வெந்துபோகும். இதைப் பூசக் காகிதத் துண்டுதான் சரி. ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், காற்றோட்டம் வேண்டும். ஈட்டித் தூசி சிலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சிரைப்பும் தரும். முகமூடியில்லாமல் தேய்க்கவே கூடாது.

காற்றைப் பற்றிப் பேசாமல் வடசென்னையில் மெருகைப் பற்றிப் பேச முடியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஒரு கூப்பிடு தூரம். மழைக்காலக் காலையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஸ்பிரிட் பறக்கும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் நீர் கோப்பதுபோல் அங்கும் நீர் கோத்து, ஷெல்லாக்கைப் பாலாக வெளுக்கச் செய்கிறது. சயனோஅக்ரிலேட் அதிக ஈரத்தில் சமமாகப் பரவுவதற்குள்ளேயே இறுகிவிடும். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து இறுகி வெண்தூளாகப் படியும். இவை இரண்டும் பூசுகிற நேரத்துத் தொல்லைகள். வெயில் ஏறிக் காற்று உலர்ந்த பொழுதில், கடற்காற்று வீசத் தொடங்கும் முன் வேலையை வைத்துக்கொண்டால் பாதி குறையும். பெரிய தொல்லை மரத்துக்குள் இருக்கும் ஈரம். 80 விழுக்காடு ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு தண்ணீரை வைத்துக்கொள்ளும். ஏசி அறையில் 50 விழுக்காட்டில் 9 விழுக்காட்டுக்கு இறங்கும். ஆடாத மரம் என்று பேரெடுத்த தேக்கே அந்த இறக்கத்தில் ஆண்டு வளையத்தையொட்டிய திசையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாவின் சுற்றளவு 38 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு உலர்ந்தால் அதில் கால் மில்லிமீட்டருக்கு மேல் குறைய வேண்டும். மரத்தின் துளைக்குள் ஒட்டிய பித்தளைக் குழாயோ அசையாமல் நிற்கிறது. குறைய முடியாத மரம் பிளக்கிறது; மேலே உள்ள சயனோஅக்ரிலேட் கடினமானது, வளைந்துகொடுக்காதது, அதுவும் கூடவே பிளக்கிறது. அந்த மயிரிழை விரிசலுக்குப் பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

மரம் அடங்கியிருக்க வேண்டும் என்பது நம் கடைசல்காரர்கள் நன்றாக அறிந்த செய்தி. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைபவர்கள் ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டி எடுப்பதில்லை. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் தலைமுறைகள் கிடந்த கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நாகசுரத்துக்கு உயிர் அந்தப் பழைய மரத்தில் இருக்கிறது. எத்தனையோ மழையும் கோடையும் பார்த்த கட்டை தன் முறுக்கையெல்லாம் காட்டி ஓய்ந்திருக்கும். காற்றின் ஈரத்துக்கு அதுவும் அசையும்; ஆனால் உள்ளே தேங்கிய பச்சை ஈரமும் இறுக்கமும் இராது. பேனாவுக்கும் அதே நியதி. துளையிட்ட கட்டையை உடனே கடையாமல் சில வாரம் பட்டறைக் காற்றில் கிடக்கவிட்டு, எடைத் தட்டில் வைத்துப் பார்த்து, எடை மாறாமல் நின்ற பிறகு கடைவது ஒன்றும் பெரிய செலவில்லை.

இதிலும் பலர் கோட்டைவிடும் இடம் கட்டையின் இரண்டு வாய்ப்புறங்கள். குழாய்க் கட்டின் திறந்த முனைகள் அவை. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் போய் வருவது அந்த வழியாகத்தான். பேனாவின் உடம்பெல்லாம் பத்துக் கோட்டிங் போட்டுவிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டிய அந்த இரண்டு மில்லிமீட்டர் வளையத்தை வெறுமனே விடுகிறார்கள். பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும்போது முதல் துளி அங்கே நுழைகிறது. அதன் பிறகு விரல் வியர்வை. நார் வழியே ஈரம் ஏறி, மரம் உப்பி, பூச்சை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. நடுவில் காற்று புகுகிறது. வெள்ளை வளையம் தோன்றுகிறது. அந்த வளையம் எப்போதும் ஓரத்தில் தொடங்குவதே இதற்குச் சாட்சி. மேல்பரப்பு தேய்ந்து கெடுவதாக இருந்தால் விரல் அழுந்தும் நடுப்பகுதியில் அல்லவா தொடங்க வேண்டும்? மெல்லிய சயனோஅக்ரிலேட் இரண்டு சொட்டு, ஒவ்வொரு வாயிலும். அரை நிமிட வேலை.

மரத்தை முழுக்கப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு அதை மரப் பேனா என்பது எப்படி என்ற ஆட்சேபம் எனக்குப் பிடித்த ஒன்று. கையின் எண்ணெயே நாளாக ஆக மரத்துக்கு மெருகேற்றும், வெறுமனே விடுங்கள் என்பார்கள். புளியின் வைரத்துக்கு அது ஒத்துவரலாம். நெருக்கமான கட்டை, கைபட்டுக் கருத்து மினுக்கும் உலக்கையையும் கொட்டாப்புளியையும் நாம் பார்த்ததுதான். ஆனால் அந்த மினுக்கம் மென்மையானது, கண்ணாடி அல்ல. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் ஒரு தோல் வேண்டும், குழாய்களின் இயல்பு அது. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். மரத்தின் வரியை ஆழமாகக் காட்டுவதும் அதுவே. தோலே வேண்டாம், மெருகு மட்டும் வேண்டும் என்றால் அதற்கும் நம்மிடம் விடை உண்டு: ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் திருவள்ளூரில் கடைகிற பேனாக்களும் எபொனைட்டை எடுத்துக்கொண்டன. கந்தகம் கூட்டிக் கெட்டியாக்கிய அந்த ரப்பரில் குழாயும் இல்லை, நாரும் இல்லை, தேய்த்தாலே மின்னும். வெயிலில் நிறம் மங்குவது அதன் குறை. அது வேறு பொருள், வேறு அழகு. மரத்தைத் தேர்ந்தவர் மரத்தின் குழாய்களையும் பீனால்களையும் சேர்த்தே தேர்ந்திருக்கிறார்.

இத்தனையும் சரிதானா என்று சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பெயிண்ட் ஆலைகளில் செய்வதுதான். பேனா கடைந்த கட்டையின் மிச்சத் துண்டை எடுத்து அதே முறையில் பூசி, முழுதாக இறுக ஒரு வாரம் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக மரம் வரை ஆழமாகக் கீறிச் சிறு சதுரங்களாக்க வேண்டும். அதன்மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது. சதுரங்கள் அப்படியே நின்றால் சரி. சில சதுரங்கள் டேப்போடு வந்தால் அவற்றைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் மரநார் ஒட்டியிருந்தால் பூச்சு தன் பிடியை விடவில்லை, மரம்தான் கிழிந்திருக்கிறது. அடிப்பக்கம் துடைத்துவிட்டாற்போல வழுவழுவென்று, மேல்பக்கத்தைப் போலவே மின்னிக்கொண்டிருந்தால், அந்தப் பூச்சு மரத்தை ஒருநாளும் தொடவே இல்லை.